தங்கச்சி என்றொரு குரோட்டன்ஸ்

பெயர்ப் பலகை எழுதுகிறவன் நான். தாவரவியல் தோட்டத்தில் ஒவ்வொரு செடியின் அடியிலும் சின்னதாக ஒரு தகரப் பலகை குத்தி வைத்திருப்பார்களே, பச்சையில் வெள்ளை எழுத்து, அதெல்லாம் என் கைவேலை. இருபத்தெட்டு வருடமாக எழுதுகிறேன். பார்க்க வருகிறவர்கள் பலகையைப் படிப்பார்கள், படம் பிடிப்பார்கள், சில புண்ணியவான்கள் அதன்மேலேயே செருப்புக்காலை வைத்து நிற்பார்கள். எழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒரு ஜீவன் சொன்னது கிடையாது. எழுத்தைக் கவனித்தவர் ஒரே ஒருவர். அவரும் பாராட்டவில்லை. கைப்பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "மூணாவது எழுத்து ரெண்டு மில்லிமீட்டர் கீழ இறங்கியிருக்கு, பலகைக்காரரே" என்றார்.

அவர்தான் ஸ்கேலக்கா. முதுகுக்குப் பின்னால்தான் அந்தப் பெயர். நேரில் எல்லோருக்கும் அக்கா. குரோட்டன்ஸ் பிரிவின் பதிவேடு முப்பத்தோரு வருடம் அவர் கையில் இருந்தது. அவர் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். நடந்த ஒன்றும் என்னால் கெட்டது. அதைச் சொல்லித் தொலைக்காவிட்டால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

குரோட்டன்ஸ் தெரியாத ஆள் இருக்க முடியாது. வெயில் அடிக்கிற ஊர் எதுவானாலும் ஆஸ்பத்திரி வாசலில், பள்ளிக்கூட வேலியில், வங்கிப் படிக்கட்டின் ஓரத்தில் அது நிற்கும். அதன் பூவை யாரும் சீந்துவதில்லை, மதிப்பெல்லாம் இலைக்குத்தான். மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஓடிய ஊதா, நீட்டு இலை, அகல இலை, திருகிய இலை, நடுவில் அறுந்து நரம்பில் மட்டும் தொங்குகிற இலை என்று ஆயிரம் தினுசு. ஆயிரமும் ஒரே இனம். அதுதான் வம்பே. நன்றாக இருக்கிற செடியில் ஒரு கிளை மட்டும் திடீரென்று வேறு மாதிரி இலை விடும். அதை ஒருவர் வெட்டி நட்டு ஒரு பெயர் வைப்பார். பக்கத்து ஊர்க்காரர் அதே செடிக்கு வேறு பெயர் வைப்பார். நிழலில் நின்று நிறம் மாறிய செடியைப் பார்த்துவிட்டு மூன்றாவது ஆள் புதிது புதிது என்று குதிப்பார். ஒரு செடிக்கு ஏழு பெயர், ஏழு செடிக்கு ஒரு பெயர். இந்தச் சிக்கலை உட்கார்ந்து பிரிப்பதுதான் அக்காவின் வேலை.

காலை ஒன்பது மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் பார்க்க வேண்டும். நுனியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து முற்றிய இலைகளில் ஐந்தாவதை எடுக்க வேண்டும். நாலாவது கூடாது, ஆறாவதும் கூடாது. நீளம் என்ன, அகலம் என்ன, காம்பு எவ்வளவு, ஓரம் நெளிவா நேரா, புள்ளி எங்கே, நிறம் வண்ண அட்டையில் எத்தனாவது எண். ஓர் இலைக்கு இருபத்தாறு கேள்வி. டாக்டர்கூட நோயாளியிடம் இவ்வளவு கேட்பதில்லை. இரண்டு செடியும் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டால் முதலில் வைத்த பெயர் நிற்கும். பின்னால் வந்த பெயர் பதிவேட்டில் அடைப்புக்குறிக்குள் சுருங்கிப் போகும். அப்புறம் எனக்கு ஆள் வரும். நரிவால், திருகாணி, தீக்குச்சி, மீசைக்காரன் என்று நான் கண் வலிக்க எழுதிய பலகைகளை எல்லாம் நானே சுரண்டி நானே மாற்றி எழுத வேண்டும்.

"போன மாசம்தானேக்கா மீசைக்காரன்னு எழுதச் சொன்னீங்க?"

"போன மாசம் தப்பு பண்ணிட்டேன். இந்த மாசம் திருத்துறேன். அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க?"

"உங்களுக்கென்ன, பேனாவால ஒரு கோடு. எனக்குத்தானே தோள்பட்டை கழண்டு விழுது."

"சரி, தப்பு என்னோடது, தோள்பட்டை உங்களோடது. வாங்க, டீ வாங்கித் தரேன்."

இப்படித்தான் பேசுவார். ஆனால் அந்த டீயைக் குடிக்கும்போது அவரைப் பற்றி ஏதாவது கேட்டால் போதும், டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தார். மத்தியானம் மேஜையில் கோப்புகளைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். விடுமுறை நாளிலும் தோட்டத்துக்கு வந்துவிடுவார். அவருடைய கைப்பேசி மணி அடித்து நான் கேட்டது மொத்தம் நாலைந்து தடவை இருக்கும். எல்லாம் ராங் நம்பர். ஒருமுறை என் வீட்டுக்காரி விடாப்பிடியாகச் சொன்னதால் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தார். முதுகு வளையாமல் உட்கார்ந்து சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவி வைத்தார், எங்கள் வாசல் குரோட்டன்ஸை நர்சரிக்காரன் தப்பான பெயர் சொல்லி எங்கள் தலையில் கட்டிவிட்டான் என்று தெரிவித்தார். மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். "ஒத்த ஆளு, அப்படி என்ன வேலை இருக்கும்?" என்று என் வீட்டுக்காரி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டில் 212ஆம் எண், 'தங்கச்சி'. இத்தனை வருடத்தில் அக்கா தானே பெயர் வைத்த செடி அது ஒன்றுதான். புது வகையைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவருக்குப் பெயர் வைக்கிற உரிமை உண்டு. மேலதிகாரிகள் தங்கள் மனைவி பெயரை வைத்திருக்கிறார்கள். ஒருவர் தன் நாய்க்குட்டியின் பெயரை வைத்தார். அக்கா தங்கச்சி என்று வைத்தார். முதல் பலகையை எழுதியவன் நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிது.

அப்பா அம்மா போனபிறகு அக்காவும் தங்கையும் ஒரு வாடகை வீட்டில் இருந்திருக்கிறார்கள். தங்கைக்கு டெலிபோன் அலுவலகத்தில் வேலை. சிரித்தால் தெருமுனைக்குக் கேட்குமாம். வீட்டுப் பின்சுவர் ஓரத்தில் நின்ற ஒரு செடியைக் காட்டி, "நீதான் பெரிய இலை டாக்டராச்சே, இதுக்குப் பேரு சொல்லு பார்ப்போம்" என்று அக்காவை மடக்கியது அவர்தான். அக்கா இருபத்தாறு கேள்வியையும் கேட்டுப் பார்த்திருக்கிறார். எந்தப் பட்டியலிலும் அது சிக்கவில்லை. நீட்டு இலை, மஞ்சள் நடுநரம்பு, சிவந்த ஓரம், அதோடு இலையின் ஒரு பாதியில் மட்டும் புள்ளி. மறுபாதி துடைத்து வைத்த மாதிரி வெறும் பச்சை. பதிவுக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தபோதே தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். வயது இருபத்தொன்பது.

இதை அக்கா ஒரே ஒரு தடவை சொன்னார். நான் பலகைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். "வீட்ல அந்த வார்த்தையச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமப் போச்சு. இங்கயாவது நாலு பேரு வாயில வரட்டுமேன்னுதான்" என்றார். அதற்கப்புறம் அந்தப் பலகையை மட்டும் யாரும் கேட்காமலே வருடா வருடம் புதுப்பித்துவிடுவேன். கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் அங்கே நின்று, "டேய், உன் தங்கச்சிடா, மூஞ்சியில பாதி புள்ளி" என்று ஒருவரையொருவர் வம்புக்கு இழுப்பார்கள். அக்கா கொஞ்சம் தள்ளி நின்று ஏதோ எழுதுவதுபோல் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது அந்தக் கடிதம் வந்தது. வேறு ஊரில் நர்சரி வைத்திருந்த ஒரு பெரியவர் எழுதியது. கூடவே ஈரச் சாக்கில் சுற்றி ஐந்து குச்சிகள். மரியாதையான கடிதம்தான். உங்கள் 212 புதிய வகை இல்லை. என் தகப்பனார் அறுபது வருடத்துக்கு முன்பே 'சாயங்காலம்' என்று பெயர் வைத்து விற்ற செடி அது. எங்களுடையதில் புள்ளி இரண்டு பாதியிலும் இருக்கும். உங்களுடையது நிழலில் வளர்ந்ததால் பாதிப் புள்ளியோடு நின்றுவிட்டது. முழு வெயிலில் வைத்துப் பாருங்கள், மறுபாதியிலும் வந்துவிடும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கிழிச்சுப் போடுங்கக்கா. எவரோ பொழுது போகாம எழுதியிருக்காரு."

அக்கா கடிதத்தை இரண்டாம் முறை படித்தார். "அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. எங்க வீட்டுப் பின்சுவர்ல மத்தியானத்துக்கு மேல வெயில் கிடையாது. இங்கயும் மரத்தடியிலதான் வெச்சிருக்கேன். முழு வெயில்ல வெச்சு நான் பார்க்கவே இல்ல."

"இத்தன வருஷமா ஏன்கா பார்க்கல?"

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். டீக்கடைக்குப் போகிற வழியில் தானாகவே சொன்னார், "பயமா இருந்திருக்கும்."

சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. இரண்டிலிருந்தும் ஐந்தைந்து குச்சி வெட்டி, ஒரே மண், ஒரே அளவுத் தொட்டி, ஒரே வெயிலில் மாற்றி மாற்றி வரிசையாக வைத்துப் பதினெட்டு மாதம் வளர்க்க வேண்டும். அதன்பிறகும் இலைகள் வேறாக இருந்தால் இரண்டு பெயரும் நிற்கும். ஒன்றாகிவிட்டால் தங்கச்சி அடைப்புக்குறிக்குள் போகும். அக்கா ஓய்வு பெறுகிற மாதத்தில்தான் புதிய பட்டியல் அச்சுக்குப் போவதாக இருந்தது. சோதனை முடியாத பெயர்களை அதில் சேர்க்கமாட்டார்கள். பழைய பெயர் மட்டும் நிற்கும். ஆகவே இந்த ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருந்தது.

தொட்டிகளை என் பட்டறைக்கு எதிரே, ஒரு துளி நிழல் விழாத வெட்டவெளியில் அடுக்கினோம். அடுக்கி முடித்ததும் அக்கா தண்ணீர்க் குவளையை என் கையில் கொடுத்தார்.

"நீங்கதான் தண்ணி ஊத்தணும். பத்துக்கும் இந்தக் குவளையால ஒரே அளவு. பதினெட்டு மாசத்துக்கு நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"ஏன்கா? உங்க செடி, நீங்க பார்க்காம?"

"என் கை அவளுக்கு ஒரு சொட்டு அதிகமா ஊத்திடும், பலகைக்காரரே. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. இந்தத் தோட்டத்துல வேற யாரை நம்புறது? நீங்க பார்த்துக்குங்க."

சொன்னபடியே வரவில்லை. டீக்குக் கூப்பிடக்கூடப் பட்டறைப் பக்கம் வராமல் சுற்றுப்பாதையில் நின்று கைதட்டுவார். செடி எப்படி இருக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்கிற ஆசையை அடக்கிக்கொண்டு அவர் டம்ளரை உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குத்தான் பாவமாக இருக்கும்.

ஏழாவது மாதம்தான் அதைக் கவனித்தேன். தங்கச்சி தொட்டிகளில் வந்த இலைகளில் புள்ளி இரண்டு பாதியிலும் இருந்தது. ஐந்து தொட்டியிலும். சாயங்காலத்தோடு வைத்துப் பார்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை. கடிதக்காரர் சொன்னது பலித்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டேன். தங்கை போனாள், இப்போது அவள் பெயரும் போகப் போகிறது; இந்த அம்மாள் ஓய்வு பெற்று அந்த ஒற்றை அறையில் போய் எதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? எனக்கு மனசு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்குத் தங்கச்சி தொட்டிகள் ஐந்தையும் தூக்கிப் பட்டறைக் கூரையின் நிழலில் வைத்தேன். மூன்று மணிக்குத் திரும்ப வெயிலில் வைத்தேன். நிழல்தானே அதற்குப் பாதிப் புள்ளியைக் கொடுத்தது, கொடுக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். பதினோரு மாதம் ஒரு நாள் தவறவில்லை. தோள்பட்டை வலிக்கிறது என்று இந்தத் தடவை யாரிடமும் முணுமுணுக்கவில்லை.

நிழல் வேலை செய்தது என்றுதான் நம்பினேன். புது இலைகளில் ஒரு பாதி மெல்ல மெல்லச் சுத்தமாகிக்கொண்டே வந்தது.

பதினெட்டாம் மாதம் முடிந்த அன்று காலை ஒன்பது மணிக்கு அக்கா வந்தார். இஸ்திரி போட்ட புடவை. கையில் ஸ்கேல், வண்ண அட்டை, படிவம். பத்துத் தொட்டியிலும் ஐந்தாவது இலையை எடுத்து வரிசையாக வைத்தார். ஐந்தில் புள்ளி இரண்டு பக்கமும், ஐந்தில் ஒரு பக்கம் மட்டும்.

"நான்தான் சொன்னேன்ல! கிழிச்சுப் போடுங்கன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்று நான் துள்ளினேன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. அது ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. எல்லாவற்றையும் அளக்கிற பழக்கம் விடுமா? ஸ்கேலைத் தண்டில் வைத்தார். இலைகள் புறப்படுகிற கணுக்களின் இடைவெளியை அடியிலிருந்து அளந்துகொண்டே போனார். அடுத்த தொட்டியை அளந்தார். அப்புறம் சாயங்காலத்தை அளந்தார். மறுபடியும் தங்கச்சியிடம் வந்தார்.

"இதுல அடியில எல்லாம் நெருக்கமா இருக்கு. இந்தக் கணுவுக்கு மேல ரெண்டு மடங்கு இடைவெளி. அஞ்சுலயும் அதே இடத்துல ஆரம்பிக்குது. வெயில தேடி நீண்டிருக்கு" என்று என்னைப் பார்த்தார். "எங்க வெச்சிருந்தீங்க?"

"இங்கதான்கா. நான் தொடவே இல்ல."

அவர் குனிந்து ஒரு சாயங்காலத் தொட்டியைச் சாய்த்துக் காட்டினார். பதினெட்டு மாத பாரத்தில் மண்ணில் ஆழமாக வட்டம் பதிந்திருந்தது. தங்கச்சித் தொட்டிக்கு அடியில் மண் கலைந்து கிடந்தது. கையும் களவுமாக அகப்பட்டுவிட்டேன். மென்று விழுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"புள்ளி ரெண்டு பக்கமும் வந்துருச்சுக்கா. உங்க தங்கச்சி போயிடுவாங்களேன்னு..."

"அவ போயி இருபத்துநாலு வருஷமாச்சு. நான் உங்ககிட்ட ஒப்படைச்சது அவள இல்ல, பத்து தொட்டிய." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "குட்டிச் செடியோட இலைய நம்பாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? முதல் வருஷம் இலை கண்டபடி வரும். அப்புறம் அதுவா தெளிஞ்சிருக்கலாம். தெளியாமலும் போயிருக்கலாம். இப்ப எனக்கு எதுவுமே தெரியாது."

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து மேலாளர் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷர், எந்த விஷயமும் சீக்கிரம் முடிந்தால் போதும் அவருக்கு. இலைகளைப் பார்த்தார். "அதான் வேற வேறயா இருக்கே மேடம்! தங்கச்சின்னே எழுதி அனுப்பிடுங்க." அக்கா கணுக்களைக் காட்டினார். சோதனை கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை.

"அட, கணுவ யார் மேடம் அளக்கப் போறாங்க?"

"நான் அளந்துட்டேனே சார்."

மறு சோதனைக்குக் காலம் இல்லை. அன்று மாலையே அக்கா பதிவேட்டில் தன் கையால் 212ஐ அடித்து, சாயங்காலத்தின் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு உள்ளே எழுதினார். பலகைக்கான சீட்டு மறுநாள் எனக்கு வந்தது. பலகையில் நிற்கிற பெயரை மட்டும்தான் எழுத வேண்டும். அடைப்புக்குறி எல்லாம் பதிவேட்டோடு சரி. வருடா வருடம் நான் அடித்த வண்ணம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கெட்டிப் போயிருந்தது. சுரண்டச் சுரண்ட அதே எழுத்து அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் அழுதுகொண்டேதான் சுரண்டினேன், இதில் என்ன வெட்கம். புதுப் பலகையை நட்டேன். எழுத்தை அளந்து பார்க்க அவர் வரவில்லை.

மிச்சமிருந்த இரண்டு மாதமும் வேலைப் பேச்சு மட்டும்தான். டீக்குக் கூப்பிடவில்லை. கடைசி நாளில் மேலாளர் நாலு வார்த்தை பேசி ஒரு கடிகாரம் கொடுத்தார். அக்கா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு என்னிடமும் வந்து, "வரேன்" என்றார். அவர் இரண்டு அறை அறைந்துவிட்டுப் போயிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

அவர் போனபிறகு நான் சும்மா இருக்கவில்லை. மரத்தடித் தங்கச்சியிலிருந்து ஐந்து, சாயங்காலத்திலிருந்து ஐந்து என்று புதிதாகக் குச்சி வெட்டி என் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். ஒரே மண், ஒரே குவளை. துணி காயப்போட்டால் நிழல் விழும் என்று கொடியை அவிழ்த்துவிட்டேன். "வீட்டுல பொம்பளைங்க நாலு பேரு. துணிய உங்க தலையிலயா காயப்போடுறது?" என்று என் வீட்டுக்காரி கத்தினாள். மகள்கள் மூவரும் அம்மா பக்கம். கத்தட்டும் என்று இருந்தேன். முதல் வருடம் அதேபோல் இரண்டு பக்கமும் புள்ளி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியைத் தொடாமல் இருந்தேன். பதின்மூன்றாம் மாதத்தில் தங்கச்சியின் இலைகள் ஒரு பாதி சுத்தமாகத் தொடங்கின. பதினெட்டாம் மாதம் ஐந்துக்கு ஐந்தும் பாதிப் புள்ளி. கொளுத்துகிற வெயிலில், கணு நெருக்கமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். அக்கா சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். என் நிழல் இல்லாமலே அது ஜெயித்திருக்கும்.

இரண்டிலும் ஒவ்வொரு கிளை வெட்டி ஈரச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பேருந்து பிடித்தேன். தையல் கடைக்குப் பக்கத்தில் குறுகலான படிக்கட்டு. கதவைத் திறந்த அக்கா இளைத்திருந்தார். "வாங்க" என்றார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் செய்தித்தாளைப் பிரித்தேன்.

அவர் பார்த்தார். கை தானாகத் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்கேலை எடுத்தது. நுனியிலிருந்து எண்ணி ஐந்தாவது இலையைப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். தண்டில் ஸ்கேலை வைத்துக் கணுவை அளந்தார். மறு கிளையையும் அளந்தார். அப்புறம் சிரித்தார். இத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"பார்த்தியாடி!" என்றார்.

என்னைச் சொல்லவில்லை. அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் இலையைக் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எங்க வளர்த்தீங்க?"

"என் வீட்டு மாடியிலக்கா. முழு வெயில். பதினெட்டு மாசம்."

"யாரு பார்த்துக்கிட்டா?"

"நான்தான்."

"வேற யாராவது?"

"இல்லக்கா. நான் மட்டும்தான்."

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது. அக்கா இலையைச் செய்தித்தாள்மேல் வைத்தார்.

"சத்தியமா தொட்டிய நகர்த்தலக்கா."

"நகர்த்தியிருக்க மாட்டீங்க."

"அப்ப மேலாளருக்கு ஒரு கடிதம் போடுங்க. நீங்க எழுதினா அடுத்த பட்டியல்ல சேர்த்துடுவாங்க."

"படிவத்துல, வளர்த்தது யாருன்னு ஒரு இடம் இருக்கு. அங்க யார் பேர எழுத? அன்னிக்கும் உங்க கையிலதான் குடுத்தேன். அன்னிக்கும் இலை இப்படித்தான் இருந்துச்சு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் பிழையைக் காட்டுவதுபோல் பொறுமையாகச் சொன்னார். "வேற யார் கொண்டாந்திருந்தாலும் இன்னிக்கே எழுதியிருப்பேன்."

"நீங்களே ஒரு தடவ வளர்த்துப் பாருங்கக்கா. தொட்டி, மண்ணு எல்லாம் நான் தூக்கிட்டு வரேன்" என்றேன்.

அக்கா ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். பகல் பதினொரு மணிக்கு அறையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

அவர் எழுந்து டீ போட்டார். இரண்டு பேரும் குடித்தோம். நான் கிளம்பியபோது கிளைகளை ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தார். தானே செய்தித்தாளில் திரும்பச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போயிடுங்க. கண்ணு முன்னால இருந்தா நான் நம்ப ஆரம்பிச்சுடுவேன்."

திரும்பி வருகிற பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் செய்தித்தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இலையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"அழகா இருக்கே! ஒரு பக்கம் மட்டும் புள்ளி வெச்சிருக்கு பாருங்களேன். இது என்ன செடிங்க?"

இரண்டு பெயர் வாயில் வந்தது. ஒன்று பட்டியலில் இருப்பது, தப்பு. மற்றது சரி, அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கில்லை.

"தெரியாதும்மா" என்றேன்.